தொப்புளுக்கு மூன்று விரல் கீழே

குயின் தெரு, பினாங்கு
12 பிப்ரவரி 1929

அஞ்சுகத்துக்கு,

நீ கப்பலேறி நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. அன்று துறைமுகத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "என்னை ஏன் அனுப்புறீங்க? எனக்காகப் பயப்படுறீங்களா, உங்களுக்குப் பயப்படுறீங்களா?" நான் பெட்டிக்குக் கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். இப்போது பதில் எழுதுகிறேன்.

மூன்றாவது குழந்தையை அடக்கம் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். இன்னொரு பிரசவத்தை உன் உடம்பு தாங்காது என்றார். உன்னிடம் "ஊரில் கொஞ்ச நாள் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்" என்று மட்டும் சொன்னேன். ஒரே அறையில் உன்னோடு இருந்துகொண்டு விலகிப் படுக்க என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் அனுப்பினேன். பயந்தது எனக்குத்தான்.

இப்போது இதை எழுதக் காரணம் பெங் சியூ. உனக்கு அவனை நினைவிருக்கும். சரக்குக் கிட்டங்கியில் தராசுக்கு அந்தப் பக்கம் நின்று சீன முதலாளிக்காக மூட்டை எண்ணுகிறவன். என் வயதுதான். போன மாதம் கொப்பரை இறங்கிய அன்று நான் காலையிலிருந்து கூலிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தான். "வைத்தி, உன் முகம் அவித்த நண்டு மாதிரி இருக்கு. பெண்சாதி ஊருக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று மலாய் மொழியில் கேட்டான். சொன்னேன். "அதை அடக்காதே லா. இடம் மாற்று" என்றான்.

அவன் அப்பாவும் சித்தப்பாவும் அவர்கள் கோயிலில் கற்றுக்கொண்டதாம். தாவோ வழி என்கிறான். நம் உடம்பில் இருக்கும் இச்சை அழுக்கு அல்ல, எரிபொருள். அதை வீணாகக் கொட்டாமல் உடம்பு முழுக்க ஓடவிடலாம் என்கிறான். தினமும் விடிந்ததும், சரக்கு ஏற்றிய தொங்கான் படகுகள் வருவதற்கு முன்னால், கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்காருகிறோம். நாக்கு நுனி மேலண்ணத்தில். இரண்டு கையும் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே. மூச்சு அங்கேவரை போய்த் திரும்ப வேண்டும். சூடு பிறந்ததும் மூலத்தை, அதாவது ஆசனவாயை, லேசாகச் சுருக்கினால் அது முதுகுத்தண்டு வழியே மேலே ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் எச்சிலை விழுங்கி, முன்பக்கமாகக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பப் பாடம்.

இது எனக்குக் கைகூடினால் நாம் பழையபடி ஒரே அறையில் இருக்கலாம். நீ வருவாயா?

நேற்று பாடாங் திடலில் பேண்டு வாசித்தார்கள். நீ ஜாதிக்காய் சர்பத் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, ட்ரம் அடிக்கிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்த மாலை ஞாபகம் வந்தது.

வைத்திலிங்கம்


வெளிப்பாளையம், நாகப்பட்டினம்
4 மார்ச் 1929

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே "படி" என்றார். உங்கள் கடிதத்தை உங்கள் அம்மாவுக்கு உரக்க வாசிப்பது இந்த வீட்டு வழக்கம் என்பது அங்கே போனதும் மறந்துவிட்டதா?

முதல் பக்கத்தை மென்று விழுங்கிவிட்டேன். சூடு முதுகுத்தண்டு வழியே ஏறுகிறது என்ற இடத்தில் பாக்கு விலை ஏறுகிறது என்று வாசித்தேன். கீழே இறக்க வேண்டும் என்பதை, அது இறங்கிவிடும் என்று ஆக்கினேன். இடையில் மூச்சு என்பது வாய் தவறி வந்துவிட்டது. அத்தை முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஏறுற நேரத்துல விக்காம இவன் எதுக்குடி மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தாழ்வாரத்தில் சொல்வதற்கு முன்பே ஆயா என் காதில் சொல்லிவிட்டாள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். படுக்கையில் காத்திருந்தேன். வீட்டில் காத்திருந்தேன். துறைமுகத்தில் கேள்வியாகவே கேட்டேன். ஒரு வருஷம் கழித்து, கடல் தாண்டி, ஒரு சீனர் தைரியம் கொடுத்த பிறகு சொல்கிறீர்கள்.

என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டீர்கள் என்று இந்தத் தெருவே பேசுகிறது. அத்தைக்குக் காரணம் தெரியாது. மூன்று பெற்று மூன்றையும் பறிகொடுத்தவள் என்பது மட்டும் தெரியும். பக்கத்தில் சிக்கல் என்ற ஊரில் ஒரு பெண் இருக்கிறதாம். ஆவணியில் உங்களை வரவழைத்து அவளை இரண்டாம் தாரமாகக் கட்டி வைக்கப் பேச்சு நடக்கிறது. என்னை வைத்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். நான் காபி கொண்டுவந்து வைக்கிறேன்.

வருவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி கைகூடினால் என்று ஒரு சொல்லையும் அதோடு சேர்த்திருக்கிறீர்கள். அது யாருக்குத் தெரியும், எப்போது தெரியும், அதை எழுதுங்கள்.

மலை ரயில் புதிதாக வந்த வருஷம் நாம் போனோமே. குகைக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்தீர்கள். வெளிச்சம் வந்ததும் விட்டுவிட்டீர்கள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அஞ்சுகம்


பினாங்கு
26 மார்ச் 1929

அஞ்சுகத்துக்கு,

நீ கேட்டது சரி. கெடு இல்லாத பேச்சு பேச்சல்ல. ஆகவே கெடு வைத்துவிட்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். பங்குனி ஏழாம் தேதி தண்ணீர்மலைக்குப் போய் முருகன் சந்நிதியில் சங்கல்பம் செய்துகொண்டேன். ஒரு வேளைச் சாப்பாடு, உப்பில்லாமல். விடியுமுன் பச்சைத்தண்ணீரில் குளியல். வெறுந்தரையில் படுக்கை. பெங் சியூவிடம் இதைச் சொல்லவில்லை. அவன் சாமி வேறு, நம் சாமி வேறு.

அவன் காலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னான். நான் சாயங்காலமும் இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். மேலே ஏற்றியதைத் திரும்பக் கீழே இறக்கு என்று அவன் சொல்வதில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாடுபட்டு உச்சிக்குக் கொண்டுபோனதை மறுபடி அந்த இடத்துக்கா இறக்குவது? நம் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உச்சியிலேயே நிறுத்திக்கொள்கிறேன். நெற்றி எந்நேரமும் கதகதப்பாக இருக்கிறது. பலன் கிடைக்கிறது என்றே நினைக்கிறேன்.

துறைமுக வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மீரா சாகிப் அண்ணன் தினமும் கேலி செய்கிறார். "என்ன வைத்தி, அடுத்த தைப்பூசத்துக்கு இப்பவே காவடி ஒத்திகையா? இன்னும் பத்து மாசம் கிடக்கு லா. மீன் தலை இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ." நான் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒரு நல்ல சேதி. மூன்று நாளாக எந்த நினைப்பும் இல்லை. உன் முகம்கூட மனதில் வரவில்லை. கண்ணை மூடினால் சுத்தமாக இருக்கிறது. இதே வேகத்தில் போனால் சித்திரைக் கடைசியில் உனக்குத் தைரியமாக டிக்கெட் அனுப்பலாம்.

வைத்திலிங்கம்


நாகப்பட்டினம்
12 ஏப்ரல் 1929

அத்தானுக்கு,

என் முகம் மறந்துபோனதை நல்ல சேதி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன், நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று.

நீங்கள் சாமியாராகப் போவதென்றால் அதற்கு நான் எதற்கு? சாமியாருக்குச் சமைத்துப் போட பினாங்கில் ஆள் கிடைக்காதா? மரத்துப்போன ஒருவரோடு இருக்க ஏழு நாள் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டு வர நான் தயாராக இல்லை. அதற்கு இந்த வீடே போதும். இங்கேயும் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

உங்களுக்கு நான் ஆபத்து. அப்படித்தானே இந்த இரண்டு மாதமாக எழுதுகிறீர்கள்? நெருப்பைப் பற்றி எழுதுவதுபோல. உங்கள் உடம்பைக் கட்ட உங்களுக்கு நாற்பத்தெட்டு நாள் கணக்கு இருக்கிறது. எனக்கு ஓர் உடம்பு இருக்கிறது என்பது எந்தக் கடிதத்திலாவது வந்ததா? எனக்கு இருபத்தெட்டு வயது. எனக்கும் இரவு பகல் இருக்கிறது. உங்கள் நண்பரின் வழியில் பெண்பிள்ளை என்ன செய்ய வேண்டும், அல்லது ஒன்றும் செய்ய வேண்டாமா, அதை ஒரு வரி கேட்கத் தோன்றவில்லையே.

சிக்கல் பெண்ணின் ஜாதகத்தை அத்தை என் கையிலேயே கொடுத்து உங்களுக்கு அனுப்பச் சொன்னார். இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் ஜெயலெட்சுமி, பதினேழு வயது. நல்ல பெண் என்றுதான் சொல்கிறார்கள். பொருத்தம் என்று நீங்கள் எழுதினால் நான் அழமாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஆனால் அவள் வரும் வீட்டில் நான் இருக்கமாட்டேன்.

அஞ்சுகம்


பினாங்கு
5 மே 1929

அஞ்சுகத்துக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் படுக்கையில் இருந்தேன். மண்டலத்தில் முப்பத்துமூன்றாம் நாள் பாக்கு மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கையில் தராசுக்கல் இரண்டாகத் தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது மீரா சாகிப் அண்ணன் கடைப் பெஞ்சும் மூக்கில் வழிந்த ரத்தமும்தான். பத்து நாளாகத் தலைவலி இருந்தது. தூக்கம் இல்லை. இதற்கெல்லாம் முன்னால் வந்த நெற்றிச் சூட்டைத்தான் போன கடிதத்தில் பலன் என்று எழுதியிருந்தேன்.

பெங் சியூ வந்தான். விரதத்தைப் பற்றி அண்ணன் அவனிடம் சொல்லிவிட்டார். அவன் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

"உன்னை யார் பட்டினி கிடக்கச் சொன்னது?"

"விரதம்" என்றேன்.

"யாருக்கு? நான் உனக்குச் சாமி கும்பிடவா சொல்லிக்கொடுத்தேன்? மேலே ஏத்தினதைக் கீழே இறக்கினியா?"

இல்லை என்றேன். ஏன் என்றான். கீழே இறக்குவது பாவமாகப் பட்டது என்றேன்.

அவன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "வைத்தி, நீ தலையில அடுப்பு மூட்டியிருக்கே. சுத்தி வரணும் லா. மேலே போகும், கீழே வரும், மறுபடி போகும். கீழே என்ன அசிங்கம் இருக்கு? உன் அம்மா உன்னை எங்கே வச்சிருந்தாள்?" பிறகு கேட்டான்: "பெண்சாதி வேண்டாம்னு செய்யறியா, வேணும்னு செய்யறியா? வேண்டாம்னா கோயிலுக்குப் போ. என்கிட்ட வராதே."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று. வேண்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் உன் முகம் திரும்ப வந்தது. நெற்றி வகிட்டில் உனக்கிருக்கும் தழும்பு வரைக்கும் வந்தது. விரதத்தை அன்றே முடித்துவிட்டேன். மீன் தலை சாப்பிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஐப்பசியில் ஒரு மழை நாளில் பெண்கள் இருக்கும் தெருவுக்குப் போனேன். ஒரு வாசலில் குடையை மடக்கினேன். உள்ளே போகவில்லை. விரித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். போகவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மடக்கியதைச் சொல்கிறேன்.

நீ கேட்டதைக் கேட்டேன். பெங் சியூவின் மனைவி ஆ கியோக் சொல்லி, நான் எழுதியது இது. பெண்ணுக்குத் தொடக்கம் வேறு. மூலத்தைச் சுருக்க வேண்டாம். முதலில் இரண்டு மார்பின் மேலும் உள்ளங்கையை வைத்து, உறங்கும் குழந்தையின் மேல் கை வைப்பதுபோல் வைத்து, மெல்ல வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நெஞ்சு இளகிய பிறகு கையைத் தொப்புளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு மூச்சை அங்கே விட வேண்டும். எதையும் ஏற்ற அவசரம் வேண்டாம். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து உள்ளங்கை சேர்த்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்பதும் இதில் ஒரு பாடம். அதற்குமேல் போகாமலே பல வருஷம் வாழ்கிறவர்கள் உண்டு என்றார். சொல்லும்போது அவர் வெட்கப்படவில்லை. நான்தான் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் அதைப் பிரிக்கவில்லை.

மீரா சாகிப் அண்ணனின் மனைவி நூர்ஜானும் அவர் தம்பி யூசுப்பும் நாகூரிலிருந்து வந்து ஜூன் கடைசியில் கப்பலேறுகிறார்கள். நீ வருவதானால் துணை இருக்கிறது.

வைத்திலிங்கம்


நாகப்பட்டினம்
29 மே 1929

அத்தானுக்கு,

மூக்கில் ரத்தம் நின்றுவிட்டதா? முதலில் அதை எழுதாமல் குடைக்கதை எழுதியிருக்கிறீர்கள். குடைக்காக ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் இல்லை. மறைத்திருந்தால் இருந்திருக்கும்.

ஆ கியோக் அக்கா சொன்னதைச் செய்து பார்த்தேன். மதியம், அத்தை உறங்கும்போது, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. முதல் நாள் கையை மார்பில் வைத்ததுமே அழுகை வந்துவிட்டது. மூன்று பிள்ளைக்கும் பால் கட்டிக்கொண்டு வலித்த இடம். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட நான் அங்கே சரியாகக் கை வைத்ததில்லை. நான்காம் நாள் கையைக் கீழே கொண்டுபோனேன். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. பூட்டிப்போட்ட வீடு மாதிரி இருந்தது. அவசரம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே என்று விட்டுவிட்டேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை, நீங்கள் ஏன் அனுப்பினீர்கள் என்பதை. சீனர் பாடத்தைச் சொல்லவில்லை, அது நமக்குள் இருக்கட்டும். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கு ஏன்டி ஒருத்தரும் சொல்லல? நான் என்ன மரமா?" என்றார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை, "ஆவணி வரைக்கும் சிக்கலுக்குப் பதில் சொல்லாம இழுக்கிறேன். அதுக்குள்ள நீ அவன் வீட்டுல இருக்கணும். இல்லேன்னா என்னால ஊர் வாயை மூட முடியாது" என்றார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இங்கே ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன், தனியாக. அவரும் அதேதான் சொன்னார். பிறகு, பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ள வேறு வழிகளும் இருக்கின்றன என்று சொல்லி, பினாங்கில் இருக்கும் ஒரு லேடி டாக்டருக்குக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார். நான் மூச்சை மட்டும் நம்பி வரவில்லை.

ஆமாம், வருகிறேன். நூர்ஜான் அக்காவைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். ஜூன் இருபத்துநான்கு, திங்கட்கிழமைக் கப்பல்.

அஞ்சுகம்


பினாங்கு
11 ஜூன் 1929

அஞ்சுகத்துக்கு,

இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்றைய கப்பலிலேயே சேர்க்கிறேன். தயவுசெய்து இப்போது வராதே. தை மாதம் வா.

உன் கடிதம் வந்த அன்று அறையைச் சுத்தம் செய்தேன். டிரங்குப் பெட்டியின் அடியில் உன் பச்சைக்கரைப் புடவை ஒன்று இருந்தது. எடுத்து உதறினேன். அவ்வளவுதான். ஐந்து மாதப் பயிற்சி, முக்காலி, மூச்சு, ஒன்றும் நிற்கவில்லை. புடவைக்கே இப்படி என்றால் நீ வந்து எதிரில் நின்றால் நான் என்ன ஆவேன்? என் கையாலேயே உன்னைக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெங் சியூவிடம் சொன்னேன். அவன் சிரித்து, "நல்லது, அடுப்பு அணையவில்லை" என்கிறான். அவனுக்கு நான்கு பிள்ளைகள். அவன் சிரிக்கலாம்.

அம்மாவுக்கு நான் எழுதிக்கொள்கிறேன். சிக்கல் பேச்சுக்கு நான் சம்மதிக்கமாட்டேன். அதை நம்பு. ஆறு மாதம் கொடு.

வைத்திலிங்கம்


பூலாவ் ஜெரெஜாக் குவாரண்டைன்
3 ஜூலை 1929

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இருபத்துமூன்றாம் தேதி மாலை கிடைத்தது. பெட்டி கட்டியாயிற்று. அத்தை வழக்கம்போல "படி" என்றார். இந்தத் தடவை ஒரு வரியும் மாற்றாமல் படித்தேன், புடவை உட்பட. அவர் எழுந்துபோய் எனக்கு வழிக்குப் புளிச்சாதம் கட்ட ஆரம்பித்தார்.

டெக் பிரயாணிகள் எல்லோரையும் நோய்ச் சோதனைக்காக நேற்று முன்தினம் இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். கொட்டகை சுத்தமாக இருக்கிறது. நூர்ஜான் அக்கா என் பக்கத்துப் பாயில். மேட்டில் ஏறி நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பினாங்குக் கரை தெரிகிறது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் கிருமி போக, கடிதங்களுக்குக் கந்தகப் புகை காட்டி எடுத்துப்போகிறார். அதனால் இது வாசனை அடிக்கும்.

ஆறு மாதம் என்றீர்கள். ஆறு மாதத்தில் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? பயம் எனக்கும் இருக்கிறது. எனக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும், சாகப்போகிறவள் நான்தானே. ஆனால் நீங்கள் ஒருவரே காவலும் திருடனுமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அறையில் நானும் இருப்பேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. போதும் என்று சொல்லவும், வேண்டும் என்று சொல்லவும் இருக்கிறது. முதல் வாரமே லேடி டாக்டரைப் பார்ப்போம். மீதியை இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்வோம், தப்பும் தவறுமாக.

கப்பலில் தினமும் விடிகாலையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஜனம், கோழிக்கூடு, அழுகிற பிள்ளைகள். யாரும் கவனிக்கவில்லை, ஜபம் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஐந்தாம் நாள் கைக்கடியில், நீங்கள் எழுதிய அந்த இடத்தில், ஒரு சூடு தெரிந்தது. கொஞ்சந்தான். வெயிலில் வைத்த செம்பைத் தொட்டதுபோல. மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு அந்த இடம் எனக்கு இழவு வீடாகவே இருந்தது. அன்று அப்படி இல்லை. என்னுடைய இடமாக இருந்தது. இதை எழுதத்தான் உண்மையில் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படகு விடுவார்கள். வெல்ட் கீ படித்துறையில் பாசி பிடித்து வழுக்குகிறது, போன கப்பலில் வந்த ஒரு அம்மாள் விழுந்துவிட்டார் என்று டிரஸ்ஸர் சொன்னார். நீங்கள் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கீழ்ப்படிவரை இறங்கி வந்து கையை நீட்டுங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்.

அஞ்சுகம்